உவர்மலைக்கு 100ஜி: எல்ஆர்4 போடலாமா, சிடபிள்யூடிஎம்4 போடலாமா?

திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் அலுவலகத்தையும் உட்துறைமுக வீதிக் கட்டடத்தையும் இணைக்கும் ஃபைபர் 1.8 கிலோமீட்டர். 10ஜி (நொடிக்கு 10 கிகாபிட்) வேகம் போதாமல் போனதும் 100ஜி மொட்யூல் தேட வேண்டி வந்தது. சுவிட்சில் செருகி, தரவை ஒளியாக்கி ஃபைபரில் அனுப்பும் சின்னக் கருவிதான் மொட்யூல். எஸ்ஆர்4, எல்ஆர்4, சிடபிள்யூடிஎம்4 எல்லாம் அதன் வகைகள். எஸ்ஆர்4 பற்றிப் பேச அதிகம் இல்லை. ஓஎம்4 என்ற மல்டிமோட் (குறுந்தூர) ஃபைபர் கேபிளில் 100 மீட்டரோடு சரி. ஒரே அறைக்குள் ராக்குக்கு ராக் போடலாம். போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

இரண்டும் சிங்கிள்மோட் (நெடுந்தூர) ஃபைபருக்கானவை, இரண்டுக்கும் ஒரே எல்சி வகைச் செருகு வாய், இரண்டும் நான்கு அலைநீளங்களில் 25ஜி வீதம் அனுப்புபவை. சிடபிள்யூடிஎம்4 இல் அவை 1271, 1291, 1311, 1331 நானோமீட்டர். இடைவெளி 20 இருப்பதால், சூட்டில் லேசர் கொஞ்சம் நகர்ந்தாலும் பக்கத்துப் பாதையில் ஏறாது. எல்ஆர்4 நான்கையும் 1295 முதல் 1310க்குள் நெருக்கி வைக்கிறது. அதனால் லேசரை ஒரே சூட்டில் பிடித்து வைக்க உள்ளே ஒரு குட்டிக் குளிரூட்டி ஓடுகிறது. விலையும் மின்சாரமும் கூடுகின்றன. கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் நாட்களில், ஏசி நிறுத்திய ஞாயிற்றுக்கிழமை அறையில் இது சின்ன விஷயம் அல்ல. சாதாரண மொட்யூலின் உறைக்கு 70 பாகை செல்சியஸ்தான் எல்லை.

வெக்கையை மட்டும் பார்த்தால் சிடபிள்யூடிஎம்4 தான். அதன் தூரமும் 2 கிலோமீட்டர், எங்களுக்குக் காணும். ஆனால் நான் முதலில் பார்ப்பது, வழியில் எவ்வளவு ஒளி தொலைகிறது என்பதை. அந்த இழப்பை டெசிபெல்லில் (டிபி) அளப்பார்கள். சிடபிள்யூடிஎம்4 தாங்குவது 5 டிபி, எல்ஆர்4 தாங்குவது 6.3 டிபி. எங்கள் கணக்கு: இழைக்கு 0.7, நான்கு கனெக்டருக்கு 2, இழையில் மூன்று ஒட்டுகளுக்கு 0.3. மொத்தம் 3. அளந்து பார்த்தால் 4.6!

துறைமுகப் பக்கத்து பேட்ச் பேனலில் (கேபிள்களைச் செருகும் பலகையில்) ஒரு கனெக்டரைக் கழற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். ஒளி போகும் நடுப்புள்ளியின் மேலேயே உப்பு காய்ந்த கறை. துடைத்ததும் 3.2க்கு இறங்கியது. கடற்காற்றில் அது திரும்பப் படியும். அப்போது எல்ஆர்4 கூடுதலாகத் தாங்கும் அந்த 1.3 டிபி வித்தியாசம்தான் இணைப்பைத் தாங்கிப் பிடிக்கும்.

இன்னொன்று: சிடபிள்யூடிஎம்4 க்கு இரண்டு முனை சுவிட்சிலும் எஃப்இசி (வழியில் வரும் பிழைகளைத் திருத்தும் வசதி) போட்டிருக்க வேண்டும், எல்ஆர்4 க்கு வேண்டாம். அப்புறம், வாய் ஒன்றுதானே என்று ஒரு முனையில் ஒன்றும் மறுமுனையில் மற்றதும் செருகிவிடாதீர்கள். நான் செருகி, லிங்க் வராமல் அரை நாள் கேபிளைக் குறை சொன்னேன்.

அலுவலக வளாகத்துக்குள் சிடபிள்யூடிஎம்4 போட்டோம். துறைமுகப் பக்கம் போகும் இழைக்கு எல்ஆர்4. கூடவே அந்த அறைக்கு இரண்டாவது ஏசியும், மாதம் ஒருமுறை கனெக்டர் துடைக்க ஒரு ஆளும்.