இலை இருக்கு, வேர் இல்லை: அலரித் தடி வாங்குவோர் கவனத்துக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாரி தொடங்கினதும் "வேர்விட்ட ஊதா அலரி" என்று வட்சப்பில் படம் சுற்றும். காசு முழுவதையும் முதலே வங்கியில் போட வேண்டும், பிறகு கொரியரில் பை வரும். அப்படி ஆறு தடி வாங்கப்பட்டது, தடியொன்று 1,800 ரூபா. நான்கு அழுகிவிட்டன. பிழைத்த இரண்டும் ஊதா இல்லை. விற்றவரின் இலக்கம் இப்போது வேலை செய்யவில்லை.

இங்கே அலரி என்பது கோயில் வீதியில் நிற்கும் பால்மரம், ஈழத்தலரி. வேலியோரச் செவ்வலரி வேறு.

பை வந்தபோது ஒவ்வொரு தடியின் நுனியிலும் மூன்று, நான்கு சின்ன இலை இருந்தது. "வேர் பிடிச்சிட்டுது அண்ணை, அப்பிடியே நிலத்தில வையுங்கோ" என்பதுதான் விற்றவரின் சொல். பையைக் கீறினால் மண் பொலபொலவென்று கொட்டியது. அடியில் ஒரு வேர்கூட இல்லை. வெட்டுமுகத்தில் சிவப்பு மெழுகு தடவியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தால் உள்ளே கபில நிறம், புளித்த மணம், அமர்த்தினால் தோல் வாழைப்பழத் தோல் போல வழுகியது.

அலரித் தடி தன் சதையில் நீரும் உணவும் சேர்த்து வைத்திருக்கும். அதனால் வேர் இல்லாமலே துளிர்க்கும், சில வேளை பூக்கவும் செய்யும். அந்த இலைகள் இரண்டு, மூன்று அங்குலத்தோடு நின்றுவிடும், மத்தியான வெயிலில் தொங்கும். வேர் பிடித்த தடியில்தான் இலை ஒரு சாண் கடந்து விரியும். ஆகவே விற்பவர் காட்டும் இலையை நம்பாதீர்கள். பையின் துளையில் வேர் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். தடியை மெல்ல அசைத்தால் மண்ணும் சேர்ந்து அசைய வேண்டும். வெட்டுமுகத்தில் மெழுகோ பெயின்டோ இருந்தால் அதைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் வாங்க வேண்டாம். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று: தோல் சுருங்கிய தடியைத் தள்ளிவிட்டு, பச்சையாய்க் கொழுத்த தடியைத்தான் ஆட்கள் தேடி எடுக்கிறார்கள். அது பிழை. சுருங்கினது காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வேர் பிடித்ததும் நிமிரும். பச்சைக் குருத்துத் தடிதான் முதலில் அழுகும்.

நிறத்துக்கு வருவோம். ஊதாச் சாயல் அலரி உண்டு. நீல அலரி உலகத்தில் இல்லை, அப்படிச் சுற்றும் படம் கணினி வேலை. பிழைத்த இரண்டு தடியும் விட்ட இலை, கரும்பச்சையாய், மினுங்கலாய், நுனி உருண்டிருந்தது. சிவப்பு, மஞ்சள், ஊதாச் சாயல்கள் வரும் இனத்துக்கு இலைநுனி கூராக இருக்கும். உருண்ட நுனி, மஞ்சள் நடுவோடு வெள்ளையாகப் பூக்கும் இனத்தின் அடையாளம். கலப்பினங்கள் விலக்கு, ஆனாலும் பூவுக்குக் காத்திராமலே பொய் தெரிந்துவிட்டது. "ஊதா அலரி விதை" என்று பொட்டலம் விற்பவர்களையும் விட்டுவிடுங்கள். விதைக்கன்று தாயைப் போலப் பூக்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது, பூக்கவே மூன்று வருடமாவது ஆகும். தாயின் நிறம் தடியிலும் ஒட்டுக்கன்றிலும் மட்டும்தான் மாறாமல் வரும். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்குக் கீழே முளைப்பதை உடனே கிள்ளுங்கள், இல்லாவிட்டால் அடிமரம் மேலே வந்துவிடும்.

மாரியில் விற்பதற்குக் காரணம், கதியால் போடும், அதாவது வேலிக்குப் பச்சைத் தடி நடும் பழக்கம். கிளுவையை, பூவரசை ஈர மண்ணில் இறுக்கிவிட்டால் துளிர்த்துவிடும். அலரியை அப்படி இறுக்கினால் பால்சதை அழுகிப் போகும். கார்த்திகை மழையில், வயற்களியில் என்றால் கேட்கவே வேண்டாம்.

நீங்களே தடி வெட்டி நடுவதென்றால், மாசி, பங்குனியில், சாம்பல் நிறத் தோல் பிடித்த கொப்பில் ஒன்று, ஒன்றரை அடி வெட்டுங்கள். பால் கண்ணில் பட்டால் எரியும், கவனம். இலைகளைக் களைந்து, நிழலில் காற்றோட்டமாக பத்து முதல் பதினான்கு நாள் கிடத்துங்கள். வெட்டுமுகம் காய்ந்து தடித்த பிறகு நடலாம். இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு உமிக்கரி, அரைப் பங்கு நன்றாக உக்கிய கொம்போஸ்ட். பச்சை மாட்டெரு வேண்டாம். ஆறங்குலப் பை போதும், பெரிய சாடி ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மூன்று, நான்கு அங்குலம் ஆழத்தில் நட்டு ஒரு தரம் நீர் விட்டால், இலை விரியும்வரை திரும்ப ஊற்றத் தேவையில்லை. அடிக்கடி நீர் விடுகிறவர்கள்தான் அதிகம் தடி இழக்கிறார்கள். வேர் விட ஆறு, எட்டுக் கிழமை எடுக்கும். பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றி இரண்டு இடத்தில் கட்டுங்கள். கச்சான் காற்று தொடங்கினால் தடி ஆடும், ஆடினால் புது வேர் நூல் போல அறுந்துவிடும்.

ஏற்கெனவே அழுகின தடி கையில் இருந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் கீழிருந்து ஒவ்வொரு அங்குலமாக வெட்டிப் பாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். கபிலப் புள்ளி ஒன்றுகூட இல்லாத வெள்ளை வந்ததும் நிறுத்தி, பங்கசுநாசினித் தூள் தொட்டு, திரும்பவும் இரண்டு கிழமை காயப் போடுங்கள். அந்த இரண்டும் இப்படித்தான் பிழைத்தன, ஒன்றில் எஞ்சியது ஏழங்குலம்.

இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் இருந்தால் அது துருநோய். அந்தக் கன்றை வளவுக்குள் எடுக்காதீர்கள். "தாய்லாந்துத் தடி" என்றால் தாவரத் தொற்றுக்காப்பு அனுமதிப் பத்திரத்தைக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இருந்தால் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். அந்த ஆறு தடிக்குப் பற்றுச்சீட்டு தரப்படவில்லை. கேட்கவும் இல்லை.