காரைக்குடி ஆய்வகக் கருவிக் கடையில் வாங்கிய பாதுகாப்புப் பொருட்கள்: ஒரு வேதியியல் ஆசிரியரின் மதிப்பீடு

காரைக்குடியில் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஆய்வகக் கருவிகள் விற்கும் கடை ஒன்றில், எங்கள் மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வுக்கூடத்திற்கான பாதுகாப்புக் கண்ணாடி, கண் கழுவும் சாதனம், தீயணைப்பான், கையுறை, மேலங்கி ஆகியவற்றை இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் வாங்கினோம். இப்பொருட்கள் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களின் கைகளில் பல மாதங்கள் புழங்கிவிட்டதால், அவற்றைப் பற்றியும் கடையின் சேவையைப் பற்றியும் இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது. இங்குச் சொல்லும் குறைகளில் பல இத்தொழிலுக்கே பொதுவானவை என்பதால் கடையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

1953 முதல் இயங்கிவரும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் அழகப்பா பல்கலைக்கழகமும் உள்ள ஊர் என்பதால், கடையில் சரக்கு வகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை ஆராய்ச்சியாளர்களை மனத்தில் வைத்து வாங்கப்பட்டவை. பதினாறு வயதுப் பிள்ளையின் முகத்துக்கும் கைக்கும் பொருந்துவதைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரரின் அனுபவத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. எங்கள் ஆய்வுக்கூடம் பழைய செட்டிநாட்டு வீடொன்றின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இயங்குகிறது என்று சொன்னதுமே, "தரை ஆத்தங்குடிக் கல்லா சார்? ஆசிட் பட்டா நுரைச்சு அரிச்சிரும், புட்டிக்கு அடியில டிரே வச்சுக்கிருங்க" என்றார். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் செய்யப்படுவது. அதிலுள்ள கால்சியம் சேர்மங்கள் அமிலத்தோடு வினைபுரியும் என்பதால் அவர் சொன்னது முற்றிலும் சரி. அமிலப் புட்டிகளை விளிம்பு உயர்ந்த பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக் தட்டுகளில் வைத்திருக்கிறோம். புட்டி விரிசல் விட்டாலும் அமிலம் தட்டுக்குள்ளேயே நின்றுவிடும்.

இந்தக் கொள்முதலில் மிக முக்கியமானது கண்ணாடிதான். கடையில் முதலில் எடுத்துக் காட்டியது பட்டறைகளில் பயன்படும் வகை. அதன் பக்கச் சுவரில் நேரடித் துளைகள் இருந்தன. பறந்து வரும் இரும்புத் துகளைத் தடுக்க அது போதும், ஆனால் தெறிக்கும் திரவம் அத்துளைகளின் வழியே உள்ளே நுழைந்துவிடும். நைட்ரேட் அயனியைக் கண்டறியும் பழுப்பு வளையச் சோதனையில் அடர் கந்தக அமிலத்தைச் சோதனைக்குழாயின் சுவரை ஒட்டி வழியவிடும் மாணவனுக்கு, காற்றுத் துளைகளின் மேல் மூடியுள்ள மறைமுகத் துளை வகையே தேவை. ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 166-இன்படி, சட்டத்தில் 3 என்ற எண் பொறித்திருந்தால் அது திரவத் தெறிப்பைத் தாங்கும் என்று பொருள். கேட்ட பிறகுதான் அந்த வகை உள்ளறையிலிருந்து வெளியே வந்தது. விலை சற்றுக் கூடுதல், ஆனால் பேரம் பேசக்கூடிய இடம் இதுவன்று. மூக்குக்கண்ணாடி அணிந்த மாணவர்களும் அதன் மேலேயே இதை மாட்டிக்கொள்ள முடிகிறது. குறை என்னவென்றால், இந்த வெக்கையில் அரைமணி நேரத்திற்குள் உட்புறம் ஆவி படிந்துவிடுகிறது. உடனே பிள்ளைகள் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஆவி படியாப் பூச்சுள்ள வகையைக் கடைக்காரர் வரவழைத்துத் தந்தார்; அது பெருமளவு பரவாயில்லை. தளர்ந்துபோன நாடாக்களுக்கு மாற்று நாடா மட்டும் தனியாகக் கிடைப்பதில்லை.

கண் கழுவும் புட்டி விஷயத்தில் கடையின் ஆலோசனையை ஏற்க முடியவில்லை. அரை லிட்டர் புட்டி இரண்டு சுவரில் மாட்டினால் போதும் என்று விற்பனையாளர் சொன்னார். கண்ணில் அமிலமோ காரமோ பட்டால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாமல் கழுவ வேண்டும். அமெரிக்கத் தரநிலை நிமிடத்திற்கு 1.5 லிட்டர் என்று வரையறுப்பதால், அதற்கு 22 லிட்டருக்கு மேல் நீர் தேவைப்படுகிறது. குழாயடிக்குப் போய்ச் சேரும் வரைதான் புட்டி உதவும். எனவே குழாயில் பொருத்தும் இரட்டை முனைச் சாதனத்தையும் வாங்கினோம். பொருத்தியவரின் வேலை சுத்தமாக இருந்தது. ஆனால் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் உச்சிவேளையில் கை பொறுக்காத சூட்டில் வந்தது. கழுவும் நீர் 38 டிகிரி செல்சியசைத் தாண்டக் கூடாது என்பதால் குழாய்க்கும் தொட்டிக்கும் நிழல் அமைக்க வேண்டியிருந்தது. வெயில் ஊரில் கடை நடத்துபவர்கள் இதை வாங்குவோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

தேக்குக் கதவும் உத்தரமும் நிறைந்த கட்டடம் என்பதால் தீயணைப்பான் தேர்வில் கவனம் செலுத்தினோம். கருவிகளைப் பாழாக்காத கார்பன் டைஆக்சைடு வகையையே கடையில் பரிந்துரைத்தனர். எரியும் ஸ்பிரிட்டுக்கு அது ஏற்றது. கனன்று எரியும் மரத்துக்கும் துணிக்கும் அது அவ்வளவாக உதவாது என்பதால், மரம், எரியும் திரவம், வாயு என மூவகைத் தீக்கும் ஏற்ற ஏபிசி உலர்தூள் வகை ஒன்றையும் நாங்களே கேட்டு வாங்கினோம். கார்பன் டைஆக்சைடு வகையில் பொதுவாக அழுத்தமானி இருக்காது. எடை போட்டுத்தான் உள்ளே வாயு இருக்கிறதா என்று அறிய வேண்டும். விளக்கம் கொடுக்க வந்த பணியாளர் கைப்பிடியைப் பூட்டியிருக்கும் பாதுகாப்பு முள்ளை எப்படி இழுப்பது என்று தெளிவாகக் காட்டினார். ஆனால் வாயு வெளியேறும்போது அதைப் பீய்ச்சும் கொம்பு வடிவ முனை உறையும் அளவுக்குக் குளிர்ந்துவிடும், அதை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது என்பதைச் சொல்லவே இல்லை. மறுநிரப்பல் தேதியை நினைவூட்டி அழைக்கும் வழக்கம் வைத்திருப்பது பாராட்டத்தக்கது.

நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைகள் தரமானவை, சிறிய அளவும் கிடைக்கிறது. மேலங்கிகளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பாலியஸ்டர் கலந்த துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கண்டாங்கிச் சேலை நெய்யும் வட்டாரத்தில் தூய பருத்தி மேலங்கி ஒரு கடையில் இல்லை என்பது வேடிக்கைதான். துணி எடுத்து உள்ளூர்த் தையற்காரரிடம் தைத்துக்கொண்டோம். திருப்பிய பொருளுக்கான பணத்தைக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் அடுத்த பில்லில் கழித்துக்கொண்டார்.

செய்முறைத் தேர்வு நெருங்கும் மாதங்களில் எல்லாப் பள்ளிகளும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதால், அங்குக் கண்ணாடி இருப்புத் தீர்ந்துவிடுகிறது. வாங்க நினைக்கும் பள்ளிகள் காலாண்டு விடுமுறைக்கு முன்பே எண்ணிக்கையையும், மறைமுகத் துளை வகைதான் வேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது.