ஏற்காடு பஸ்ஸில் பாட்டு: நேரடியாகக் கேட்பதா, இறக்கி வைத்துக் கேட்பதா?

சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர இரண்டு மணி நேரம் காதில் பாட்டுதான். கையில் இருப்பது நாளுக்கு 1.5 ஜிபி பிளான்.

யூடியூபை முதலிலேயே தள்ளிவிடலாம். கேட்கப்போவது பாட்டு மட்டும்தான், ஆனால் படத்துக்கும் சேர்த்து டேட்டா போகிறது. பிரீமியம் இல்லையென்றால் திரையை அணைத்ததும் பாட்டு நின்றுவிடும். வேறு வழியில்லை என்றால் படத்தை 144பி-க்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டு ஆப்பில் நேரடியாகக் கேட்டால் எவ்வளவு போகும்? ஸ்பாட்டிஃபையில் ஒலித் தரம் நார்மல் என்றால் 96 கேபிபிஎஸ் (அதாவது நொடிக்கு இத்தனை கிலோபிட் டேட்டா), ஹை 160, வெரி ஹை 320. மணிக்கு முறையே 43, 72, 144 எம்பி. மாதம் 26 நாள் பயணத்துக்கு நார்மலில் 2.2 ஜிபி சொச்சம், வெரி ஹையில் 7.5 ஜிபி. அடிவாரம் தாண்டி உறுமிக்கொண்டே ஏறும் பஸ்ஸில் இந்த இரண்டுக்கும் என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ராத்திரி வீட்டில் அமைதியாகக் கேட்டால் தெரிகிறது, ஆனால் அங்கே வைஃபை இருக்கிறது. அதனால் செட்டிங்ஸில் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு, மொபைல் டேட்டாவுக்கு நார்மல் என்று நீங்களே வைத்துவிடுங்கள். பாட்டோடு ஓடும் கேன்வாஸ் படத்தையும் அணைத்துவிடுங்கள், அதுவும் டேட்டாதான்.

அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டால்? பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 96-இல் வரும் பாட்டு அதில் விட்டுவிட்டுத்தான் வரும். ஆப்பின் செட்டிங்ஸில் இருக்கும் டேட்டா சேவரைப் போட்டால் தரம் 24-க்கு இறங்கி, பாட்டு ஓடும். ஆனால் ஜால்ராச் சத்தம் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழைந்து போகிறது. அவசரத்துக்குச் சரி.

மலையில் டேட்டாவை விடப் பெரிய தொல்லை சிக்னல். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. பள்ளத்தின் பக்கம் திரும்பும்போது சேலம் டவுனே தெரியும், சிக்னலும் முழுசாக இருக்கும். பாறைப் பக்கம் திரும்பினால் ஒரே ஒரு கோடு. எஸ்டேட் வேலைக்குப் போகும் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் ஒரு பக்க இயர்போனைக் கொடுத்திருந்தேன். பல்லவி முடிந்து சரணம் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டது. "தம்பி, பாட்டு எங்கப்பா போச்சு?" என்றார். என்ன பதில் சொல்ல!

அன்றிலிருந்து டவுன்லோடுதான். ஐந்து நிமிடப் பாட்டு ஹை தரத்தில் 6 எம்பி, நூறு பாட்டுக்கு 600 எம்பி. வைஃபையில் ஒருமுறை இறக்கினால் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். இலவசக் கணக்கில் இந்த வசதி கிடையாது, டவுன்லோடு உள்ள சந்தா வேண்டும். முப்பது நாளுக்கு ஒருமுறையாவது ஆப்பை நெட்டில் இணைக்கவும் வேண்டும்.

டவுனுக்குள்ளேயே, அஞ்சு ரோட்டுக்கும் வீட்டுக்கும் போய் வருகிறவர்களுக்கு நார்மலே தாராளம், சந்தா தேவையில்லை. மலை ஏறுகிறவர்கள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், மொபைல் டேட்டாவில் டவுன்லோடு செய்யும் ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று கிளம்புமுன் ஒருமுறை பாருங்கள்.