ஸ்விஃப்ட்டில் செராமிக் பிரேக் பேட்: சத்தம் எங்கிருந்து வந்தது?

எங்கள் வீட்டில் இருப்பது பெட்ரோல் ஸ்விஃப்ட். பிரேக் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கம்பெனி பேட் தேய்ந்து 3 மில்லிமீட்டரை நெருங்கியதும், சக்கரத்தில் படியும் கருப்புத் தூசி குறையட்டும் என்று சென்னை ஜி.பி. ரோட்டில் செராமிக் பேட் செட் ஒன்று வாங்கி மாட்டினேன். இப்போது அது ஒரு மழைக்காலத்தையும் ஒரு கத்திரி வெயிலையும் பார்த்துவிட்டது. பேட் நல்ல பேட்தான். ஆனால் போட்ட புதிதில் மூன்று விதமாகச் சத்தம் வந்தது, மூன்றுக்கும் பேட்டின் தரம் காரணமில்லை. வெளி பிராண்டு போட்டுவிட்டு, சத்தம் வந்ததும் "பேட் மட்டம்" என்று கழற்றப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாட்டிய கடையில் சொன்னது எல்லாக் கடையிலும் சொல்வதுதான்: "செட் ஆகணும் சார், கொஞ்ச நாள் ஓட்டுங்க." இது பாதி உண்மை. புது பேட் டிஸ்க்கில் முழுசாகப் பதிய நேரம் எடுக்கும். அதை நாமே செய்யலாம். காலி ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரைக்கும் நிதானமாக அழுத்திக் குறைக்க வேண்டும். வண்டியை முழுதாக நிறுத்தாமல் எட்டு, பத்து முறை இப்படிச் செய்து, நடுநடுவே சூடு ஆற ஓட்டினால் போதும். சூடான பேட்டை அழுத்திப் பிடித்தபடி நின்றால் அதன் தடம் டிஸ்க்கில் ஒட்டி, பிறகு பெடல் அதிரும். இதையெல்லாம் செய்து சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகும் சத்தம் இருந்தால் அது 'செட் ஆகாத' சத்தம் இல்லை.

அடுத்து பார்க்க வேண்டியது, சத்தம் எப்போது வருகிறது என்பது. பிரேக்கைத் தொடாமலே, சக்கரம் சுற்றும் கணக்குக்கு 'சர்ர்... சர்ர்...' என்று ஒன்று வந்தது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் குறையும். வண்டியை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து (ஜாக்கியை மட்டும் நம்பிக் கை விடாதீர்கள்), சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கைக் கையால் சுற்றிப் பார்த்தபோது தெரிந்தது. டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தூசித் தகடு, பேட் மாற்றும்போது இடிபட்டு உள்ளே வளைந்திருந்தது. துருவேறிய தகட்டில் உரசிய இடம் மட்டும் நகக்கீறல் மாதிரி பளபளவென்று இருந்தது. விரலால் இழுத்து விட்டதும் சத்தம் போய்விட்டது, செலவும் இல்லை.

ரெண்டாவது, ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் போய் முதல் பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஒரு 'டக்'. திசை மாறும்போது பேட் தான் உட்காரும் பிராக்கெட்டுக்குள் லேசாக நகர்ந்து இடிக்கும் சத்தம் இது. பேட்டின் இரு முனையிலும் நீட்டியிருக்கும் காதுகளை பிடித்து வைப்பது சின்ன ஸ்டீல் கிளிப்கள். புது பேட்டோடு கிளிப் வரவில்லை, கடையில் பழையதையே மாட்டியிருந்தார்கள். அவை இழுவிசை போய்த் தளர்ந்திருந்தன. பிராக்கெட்டில் கிளிப் உட்காரும் இடத்தின் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுப் புது கிளிப் போட்டதும் சரியாகிவிட்டது.

மூன்றாவதுதான் பாடாய்ப் படுத்தியது. வண்டி சூடான பிறகு, சிக்னலில் மெதுவாக நிற்கும்போது காதைக் கிழிக்கும் 'கீச்'. முன்னாலா பின்னாலா என்றே முதலில் சந்தேகம். காலி இடத்தில் மெதுவாகப் போகும்போது ஹேண்ட்பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி லேசாக இழுத்துப் பார்த்தேன். ஹேண்ட்பிரேக் பின் டிரம்மில்தான் வேலை செய்யும் என்பதால், அப்போது சத்தம் வந்தால் பின்னால் என்று அர்த்தம். வரவில்லை. அப்புறம் ஜன்னலை இறக்கிவிட்டு நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஓட்டினேன். சுவரில் பட்டுத் திரும்பி வந்த சத்தம் இடது முன் சக்கரத்தைக் காட்டிக்கொடுத்தது.

கழற்றினால், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான இரண்டு ஸ்லைடு பின்களில் ஒன்று கிரீஸ் காய்ந்து இறுகிக் கிடந்தது. அந்தப் பின் இறுகினால் காலிப்பர் சரியாக நகராது, உள்பக்க பேட் மட்டும் வேகமாகத் தேயும், கோணலாகவும் அழுத்தும். பின்னைத் துடைத்து, அதன் ரப்பர் உறையைக் கெடுக்காத சிலிக்கோன் பிரேக் கிரீஸ் போட்டேன். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும், அதைப் போட விடாதீர்கள். பேட்டின் முதுகில் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ஷிம் தகடும் இல்லை, அதையும் சேர்த்தேன். சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

மறுபடி பேட்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோது மேல் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு பளபளப்புக் கோடு. பழைய பேட் படாத டிஸ்க் விளிம்பில் துருவும் உலோகமும் சேர்ந்து வரம்பு கட்டியிருந்தது. புது பேட் துளி உயரம் கூடுதல் என்பதால் அந்த வரம்பில் ஏறி உரசியிருக்கிறது. டிஸ்க்கிலேயே அடித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் பார்த்து, அதற்கு மேல் போதுமான அளவு இருந்ததால் லேத்தில் கொடுத்து லேசாகக் கடைந்து வாங்கினேன். அன்றோடு கீச் நின்றது. ஒவ்வொன்றாகச் செய்து ஓட்டிப் பார்த்ததால்தான் எது எதற்குக் காரணம் என்று தெரிந்தது. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றியிருந்தால் கடைசி வரை புரிந்திருக்காது.

சத்தம் போக டிஸ்க்கில் ஆயில் ஸ்பிரே அடிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம், பிரேக்கே பிடிக்காமல் போகும். பேட்டை எமரி பேப்பரில் தேய்ப்பதும் சில நாளைக்குத்தான் தாங்கும். இரும்பும் இரும்பும் அரைக்கிற 'கர்கர்' கேட்டால் மட்டும் ஆராய்ச்சி செய்யாமல் வண்டியை ஓரங்கட்டிவிடுங்கள்.

இப்போது ராத்திரி மழையில் நனைந்த வண்டியைக் காலையில் எடுத்தால் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் சரசரப்பு உண்டு. டிஸ்க்கின் மேல் படிந்த துரு உரிகிறது, அவ்வளவுதான். குளிர்ந்த நிலையில் பிடிப்பு கம்பெனி பேட்டைவிடக் கொஞ்சம் மந்தம், பெடலைக் கூடுதலாக அழுத்த வேண்டியிருக்கிறது. சூடானதும் வித்தியாசமில்லை. சக்கரத் தூசி கண்கூடாகக் குறைந்திருக்கிறது. போன சர்வீஸில் அளந்தபோது இடது சக்கரத்தின் உள் பேட்டும் வெளி பேட்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தன. அதனால் அடுத்த முறையும் இதே செட்தான், கூடவே கிளிப்பும் ஷிம்மும் வாங்கி என் கண் முன்னால் மாட்டச் சொல்வேன்.