கமராப் பைக்குள் ஏர்டேக்: யாழ்ப்பாணத்தில் எவ்வளவு உதவும்?

கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் எல்லாருடைய கண்ணும் மணவறையில்தான், லென்ஸ் பை மட்டும் மண்டப மூலையில் தனியாகக் கிடக்கும். அந்தப் பைக்குள்தான் ஆப்பிள் ஏர்டேக் (சாமான் எங்கே இருக்கிறது என்று ஐபோனில் காட்டும் சின்ன வட்டு) வைத்திருக்கிறேன். 2021இல் வந்த சாமான், சிஆர்2032 பற்றரி ஒரு வருடமளவில் ஓடும், மழைக்கும் பயமில்லை.

ஆனால் இதில் ஜிபிஎஸ் இல்லை. பக்கத்தில் யாராவது ஐபோன் வைத்திருந்தால் அதன் வழியாகத்தான் இடம் தெரியும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வெளிநாட்டுச் சனம் நிறைந்து நிற்பதால் வரைபடத்தில் புள்ளி வடிவாக நகரும். கசூரினா கடற்கரையில் ஆளில்லாத பக்கம் என்றால் பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிற்கும்.

இன்னொன்று, களவெடுத்தவனின் போனுக்கே ஏர்டேக் ஒன்று கூட வருகிறது என்று அறிவிப்புப் போகும் (ஆட்களைப் பின்தொடரக் கூடாது என்று வைத்ததுதான், என்ன செய்ய). அதனால் வெளியே தொங்கவிடாமல், பையின் மெத்தைத் தடுப்பைப் பிரித்து உள்ளே செருகுங்கள், தேடிப் பிடிக்க அவனுக்கும் நேரம் எடுக்கட்டும். ட்ரைபொட், லைட் ஸ்டாண்டுக்கு இது வீண் செலவு, சைக்கிள் பூட்டுக் கம்பியால் வானின் சீற்றுக் காலோடு பூட்டினால் சரி. உங்களிடம் ஐபோன் இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.