பார்வர்டா, இரண்டு பேப்பரா?

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செய்தியை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்க இரண்டு வழியும் பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப் பார்வர்டைக் கொடுத்து நிஜமா பொய்யா என்று தேடச்சொல்வது ஒன்று. ஒரே செய்தியைத் தமிழ்ப் பேப்பரிலும் மலையாளப் பேப்பரிலும் அக்கம்பக்கமாக வைத்துப் படிப்பது இன்னொன்று.

பார்வர்டு என்றால் வகுப்பு களைகட்டும். படத்தை கூகுளில் தேடி, "சார், இது பழைய வெள்ளம்" என்று கத்துவார்கள். ஆனால் அது சீக்கிரம் ஊசிப்போகிற சரக்கு. ஒருமுறை குட்டு வெளிப்பட்டால், அடுத்த வருஷம் தேடின உடனே முதல் வரியிலேயே விடை வந்து நிற்கும், யோசிக்க ஒன்றுமிராது. வாராவாரம் புதுப் பொய் தேடி என் போன்தான் குப்பையானது.

தமிழ்நாடு-கேரள எல்லையில், குமுளிப் பக்கம் இருக்கிற எங்களுக்கு முல்லைப் பெரியாறு இருக்கிறதே! அணை இருப்பது இடுக்கி மாவட்டத்தில், இயக்குவது தமிழ்நாடு; 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. மழை பிடித்துவிட்டால் அதே நீர்மட்டம் தமிழில் கம்பம் பள்ளத்தாக்கின் சந்தோஷம், மலையாளத்தில் பெரியாற்றங்கரையின் கவலை. இதில் பொய் எங்கே என்று தேடினால் கிடைக்காது, அதுதான் விஷயமே.

ஒருநாள் கம்பம் பக்கத்துக் கூடலூரிலிருந்து மலையேறி வருகிற பையன் "தண்ணி ஏறினா நல்லதுதானே சார்" என்றான். வண்டிப்பெரியாறு எஸ்டேட் பெண் திரும்பி, "எங்க வீடு ஆத்தோரம்டா" என்றாள். அப்புறம் சிவப்புப் பென்சில் கொடுத்தேன்: எண்களுக்கு அடிக்கோடு, அதைச் சொன்ன ஆளுக்கு வட்டம். இரண்டு பேப்பரிலும் அடிக்கோடுகள் ஒத்துப்போயின, வட்டங்கள் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் விவசாயிகளும் பாசன அதிகாரிகளும், மற்றதில் கலெக்டரும் கரையோரத்துக்காரர்களும். ஒவ்வொரு மழைக்கும் இந்தப் பாடம் தானாகப் புதுசாகிறது, எனக்குச் செலவு இரண்டு பேப்பர் காசு.

மலையாளம் தடுமாறுகிறவர்களை ஜோடி சேர்த்து உட்காரவைக்க வேண்டும், அதில் நேரம் போகும். ஒரு மொழி மட்டும் தெரிந்த வகுப்பில் இது எடுபடுமா, நான் செய்து பார்த்ததில்லை. போலி வீடியோவுக்கும் பேப்பர் உதவாது, அதற்கு மட்டும் இன்னும் பார்வர்டைத்தான் எடுக்கிறேன், வருஷத்துக்கு ஒரே ஒரு வகுப்பு.