பூங்கா வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை வேண்டும்

2022 பொங்கலுக்கு டொராண்டோவிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். கொரோனாவின் ஒமைக்ரான் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். விமானம், பரிசோதனை, சான்றிதழ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. என்னைக் கொதிக்க வைத்தது எங்கள் தெருவுக்கு அருகே இருக்கும் பூங்காவின் இரும்புக் கதவில் தொங்கிய பூட்டு.

அப்பாவுக்கு 78 வயது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோடு நடையையும் மருத்துவர் கட்டாயமாக்கியிருக்கிறார். விடியற்காலையில் அந்தப் பூங்காவைச் சுற்றி வருவார். பிறகு வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் நண்பர்களோடு செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துக்கொண்டு படிப்பார். என் சிறுவயதில் அங்கே ஒரு வானொலி அறையும் இருந்தது. குழாய் ஒலிபெருக்கியில் மாலைச் செய்தி முடியும்வரை பெரியவர்கள் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். சுண்டல்காரரும் அதற்குப் பிறகுதான் கூடையைத் தூக்குவார்.

அந்தக் கதவில் ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டப்படவில்லை. ஏன் மூடினார்கள், எந்தத் தேதி வரை, யாரைக் கேட்க வேண்டும், ஒன்றும் இல்லை. “பூட்டச் சொன்னார்கள் ஐயா, பூட்டிவிட்டேன். எப்போது திறக்கச் சொல்வார்கள் என்று எனக்கே தெரியாது” என்றார் காவலாளி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பூங்காவைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் போனேன். ஒருவர் அடுத்த பிரிவைக் கைகாட்டினார். அடுத்த பிரிவில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, அரசாணையைப் படித்துக்கொள்ளுங்கள் என்றார். படித்தேன். பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குத் தடை. கடற்கரைகளில் நடைப்பயிற்சிக்கு மட்டும் அனுமதி. மெரினாவில் நடக்கலாம் என்று அரசே சொல்லும்போது, ராட்டினமும் நுழைவுச் சீட்டும் இல்லாத ஒரு பூங்காவில் முதியவர்கள் நடந்தால் என்ன கெட்டுவிடும்?

அதே சாலையின் கடைசியில் பொங்கல் சந்தை. கரும்புக் கட்டுக்கும் மஞ்சள் கொத்துக்கும் மக்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். சந்தையை மூட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் வியாபாரம் அது. ஆனால் காற்றோட்டமான திறந்தவெளியில் தொற்று பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நெரிசலை விட்டுவிட்டு மரநிழலை மூடியது எந்தக் கணக்கில் சேரும்?

பூங்கா இல்லாததால் அப்பா சாலையோரம் நடந்தார். நடைபாதை முழுக்க இருசக்கர வாகனங்கள். எனவே தார்ச்சாலையில் இறங்க வேண்டும். ஒரு காலையில் பேருந்து ஒன்று அவர் முழங்கையை உரசாத குறையாகப் போனது. அன்றோடு வெளியே போவதை நிறுத்திவிட்டு மொட்டை மாடியில் நடக்க ஆரம்பித்தார். கால் நடந்தது, பேச்சுத்துணை போய்விட்டது. இரண்டு ஆண்டு அடைப்புக்குப் பிறகு அந்த வயதில் பேச்சுத்துணையும் மருந்துதான்.

கட்டுப்பாடே கூடாது என்று வாதிடவில்லை. அந்த ஆண்டு காணும் பொங்கல், ஜனவரி 16, ஞாயிறு முழு ஊரடங்கில் விழுந்தது. கூட்டாஞ்சோறு கட்டிக்கொண்டு ஊரே வெளியே கிளம்பும் நாள் அது. வீட்டிலேயே இருந்தோம், முணுமுணுக்கவில்லை. முன்கூட்டியே தேதி சொல்லியிருந்தார்களே. மறுநாள் வண்டலூர் உயிரியல் பூங்காவை மூடினார்கள்: ஊழியர்கள் பலருக்குத் தொற்று, ஜனவரி 31 வரை மூடல் என்று காரணமும் தேதியும் அறிவித்தார்கள். ஆக, நம் ஊரில் முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

டொராண்டோவிலும் மூடினார்கள். 2020 வசந்தத்தில் செர்ரி பூத்த வாரம் பார்த்து ஹை பார்க் பூங்காவை அடைத்தபோது மனம் வலித்தது. ஆனால் நகராட்சி முன்பே அறிவித்து, பூக்களை இணையத்தில் நேரலையாகக் காட்டியது. டிரினிட்டி பெல்வுட்ஸ் பூங்காவில் கூட்டம் சேர்ந்ததும் புல்வெளியில் இடைவெளி விட்டு வெள்ளை வட்டங்கள் வரைந்து, அந்த வட்டங்களுக்குள் உட்காருங்கள் என்றார்கள். ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் கூடார இடத்துக்கு ஐந்து மாதம் முன்பே பதிய முடியும். அந்த வசந்தத்தில் முகாம்கள் மூடப்பட்டபோது பதிவுப் பணத்தைப் பிடித்தமின்றித் திருப்பித் தந்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த மரியாதை: உன்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும் என்கிற மரியாதை.

ஜனவரி 28 முதல் இரவு ஊரடங்கு விலகியது. எங்கள் பூங்காப் பூட்டு விலகவில்லை. பிறகு ஒரு காலையில் சத்தமில்லாமல் திறந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் சொல்லித்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. உள்ளே போனால் கழிப்பறைக்கு இன்னும் பூட்டு. வயதான பெண்கள் ஒரு சுற்று முடிப்பதற்குள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்புவதற்கு முன் அப்பாவும் அவர் நண்பர்களும் கையெழுத்திட்ட மனுவை அதே அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கிவிட்டேன். கழிப்பறையை உடனே திறக்க வேண்டும். இனி எந்தக் காரணத்துக்காக மூடினாலும் காரணம், மீண்டும் திறக்கும் தேதி, பொறுப்பாளரின் தொலைபேசி எண் மூன்றும் வாசலில் எழுதப்பட வேண்டும். முழு ஊரடங்கு இல்லாத நாள்களில் காலை 5 முதல் 8 வரை நடப்பவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். முத்திரையிட்ட நகல் அப்பாவிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய்க் கேட்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.